பாலிக் புலாவில் அதற்கு வேறு பெயர்

காலை நான்கரைக்குச் செந்தூல் அடுக்குமாடியில்
மின்தூக்கி வேலை செய்யவில்லை.
பதினோரு மாடியும் கிச்சாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
பதினெட்டு கிலோ.
படியிறங்க அதற்குத் தெரியும்,
இன்று மறந்துவிட்டதாம்.

விவாகரத்துத் தாளில்
நாயைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.
மைவி காருக்கு உண்டு. சலவை இயந்திரத்துக்கு உண்டு.
பாதி கட்டிய கடனுக்கு மூன்று பத்தி.
'நீயே வைத்துக்கொள், சிங்கப்பூர் வீட்டில் விடமாட்டார்கள்'
என்று குணாளன் அனுப்பிய செய்தியில்
நாய்த்தீனியின் பெயர் மட்டும்
எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

ரவாங் தாண்டும்வரை பின்னிருக்கையில் முனகியது.
தஞ்சோங் மாலிமில் முன்னால் தாவி வந்தது.
தாப்பா ஓய்விடத்தில் எனக்கு அவசரம்.
கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டு
ஓடினேன், ஓடி வந்தேன்.
கைகூடக் கழுவவில்லை.

கேமரன் மலைக்குத்தான் கிளம்பியது.
மேலே மூன்று மணி நேர நெரிசல் என்றது கைபேசி.
வரைபடத்தில் விரலை வடக்கே இழுத்து
அடுத்துத் தெரிந்த பச்சையைத் தொட்டேன்.

ஈப்போவில் எண்ணெய் போடுகையில்
அடுத்த பம்பில் நின்ற மலாய்ப் பையன்
இரண்டடி தள்ளிக்கொண்டான்.
பிறகு ஒரு போத்தலின் அடியை அறுத்து
தண்ணீர் ஊற்றி, நடுவில் வைத்துவிட்டு
மறுபடி தன் இரண்டடிக்குப் போனான்.
'தாகமாயிருக்கும், காக்.'

பாலத்தில் கடல் வந்தபோது எழுந்து உட்கார்ந்தது.
பாயா தெருபோங் கழிந்து சாலை மலையில் சுருண்டபோது
வளைவுக்கு வளைவு நான் பிரேக் மிதிக்க,
அது
வளைவு வருவதற்கு முன்பே சாய்ந்தது.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஊருக்குள் இறக்கியதும் கயிறு என் கையில் இல்லை.
லக்சா கடை, தேவாலயம், கிராம்பு காயப்போட்ட சாக்கு,
எதையும் மோந்து பார்க்காமல்
தகரக் கூரை போட்ட துரியான் கடைக்குள் ஓடி
மேசைக்கடியில் படுத்தது.
அங்கே அதற்கென்று ஒரு மங்குக் கிண்ணம்.

கையுறை போட்ட சீன அம்மாள் சிரித்தாள்.
'ஆயோ, தவுக்கே! எங்கே உன் மனுசன்?'

மாதம் ஒரு சனிக்கிழமை.
பினாங்குக் கிளையில் கணக்குத் தணிக்கை என்பான்.
'ஒரே ஒரு பழம் வாங்குவார். தவுக்கேவுக்கு இரண்டு சுளை.
பருவம் இல்லையென்றால் ஜாதிக்காய்த் தண்ணீர்.
பேசமாட்டார். ஒருநாள் அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்,
சாரலில் கால் இரண்டும் நனைந்து.'

விலை கேட்கிற குரலில் கேட்டேன்:
கூட யாராவது?

'யாருமில்லை. இந்த நாய்தான்.'

வேறொருத்தி இருந்திருந்தால்
திட்டுவதற்கு என்னிடம் சொல் இருந்தது.
எட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.
என்னை விட்டு முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து
ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு
எந்த மொழியில் திட்டுவது?

காரில் எப்போதும் இரண்டு காப்பித்தூள் பொட்டலம் கிடக்கும்.
மணமாக இருக்கட்டும் என்றான்.
துரியான் வாடைக்கு நான் முகம் சுளிப்பேன்.
இன்றுதான் இரண்டையும் கூட்டினேன்.

'பாலிக்' என்றால் திரும்புவது.
'பாலிக்' என்றால் பின்புறமும்.
இருபது வருடம் மலாய் பேசியிருக்கிறேன்,
தெருப்பலகையை இப்போதுதான் படிக்கிறேன்.

மேலே தோப்பில் ஒரு பழம் விழுந்தது.
நான் திடுக்கிட்டேன். அது காதைக்கூட அசைக்கவில்லை.

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
உட்கார்ந்தால் இடப்பக்கம் இறங்குகிறது.
அவன் எப்படிச் சமாளித்தான் என்று தெரியவில்லை.
அம்மாள் ஒரு சுளையைத் தாளில் வைத்து நீட்டினாள்.
மூக்கருகே கொண்டுபோனேன், வைத்தேன்,
மறுபடி எடுத்தேன்.

மழை பிடிக்கும் போலிருந்தது.
கிச்சாப், போகலாம் என்றேன்.
திரும்பவில்லை.

தவுக்கே என்றேன்.
நிமிர்ந்து பார்த்தது, என்னை அல்ல,
எனக்குப் பின்னால் காரை,
ஓட்டுநர் பக்கக் கதவை.